பின்பக்கம் பார்ப்பவள்

வத்தலக்குண்டில் எனக்குச் சட்டம் போடும் கடை.
முருகன், மெக்கா, கல்யாண ஜோடி,
நேற்றுவரை பேசிக்கொண்டிருந்து இன்று
பொட்டும் மாலையுமாய் ஆகிவிட்டவர்கள்,
எல்லோரும் எனக்கு இஞ்சுக் கணக்கு.

மூஞ்சிக்கல்லுக்குக் கீழே, சரிவில்,
நல்மரண சபை மண்டபத்தில்
பன்னிரண்டு படம் இருக்கு, ரொம்பப் பழசு,
வந்து அளந்து விலை சொல்லுங்க என்று
பொருளாளர் சந்தியாகு போனில் கூப்பிட்டார்.
டேப்பும் ஸ்வெட்டருமாக முதல் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாசனை.
கூரை ஒழுகும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி,
அதற்கு நேர் மேலே
கடைசி இராவுணவு.
பன்னிரண்டு பேரும் கையை விரித்து
நானா, நானா என்கிறார்கள்.
வாளி மட்டும் டொக்கென்று ஒத்துக்கொள்கிறது.

இத்தாலியிலிருந்து வந்த சகோதரர் ஒருவர்
சொந்த ஊர்ச் சுவர்களை
நினைவிலிருந்து இங்கே இறக்கிவைத்தாராம்.
நானூறு வருஷத்துப் பாணி,
நூற்றுமுப்பது வருஷத்துப் பூஞ்சை.
நீலம் தீர்ந்துபோனபோது
சலவை நீலத்தைக் கரைத்தார் என்கிறார் சந்தியாகு.
மாதாவின் முக்காடு அப்படித்தான்,
துவைத்து உலர்த்தியதுபோல் இருக்கிறது.
தேவதூதன் வந்து நிற்கும் கூடத்தில்
கறுப்பு வெள்ளைத் தரைக்கட்டங்கள்
சிறுத்துச் சிறுத்து ஒரே புள்ளிக்கு ஓடுகின்றன.
அந்தப் புள்ளியில் ஆணி அடித்து
யாரோ காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

முப்பத்தாறுக்கு நாற்பத்தெட்டு.
இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.
ஏழாவது படத்தில் இருந்தபோது
மேலே கோயிலில் மணி
ஒற்றை ஒற்றையாய் விழுந்தது.

சந்தியாகு பேச்சைப் பாதியில் விட்டார்.
ஐந்து நிமிஷத்தில் ஆட்கள் வந்தார்கள்.
ஜீப் டிரைவர், பேரிக்காய் வியாபாரி, பள்ளிக்கூட பியூன்,
மஃப்ளருக்கு மேல் சிவப்புத் தோளாடை.
சுவரோரம் சாத்தியிருந்த தூம்பாவை எடுத்தார்கள்.
"கொஞ்சம் கதவைப் பிடிச்சுக்கங்கம்மா."
பிடித்துக்கொண்டேன்.
மழையில் ரப்பர் செருப்புகள் படியிறங்கின.
செத்தது யாரென்று
அவர்களில் இரண்டு பேருக்குத் தெரியாது,
கேட்கவும் இல்லை.

பிறகு நானும் வாளியும்.

பன்னிரண்டாவது, அடக்கம்.
சிலுவையிலிருந்து இறக்கியவரை
ஆறு பேர் துணியில் ஏந்திப் போகிறார்கள்.
முகங்கள் சுமார்தான்.
ஆனால் முன்னால் போகிறவனின் கால் பெருவிரல்
மண்ணைக் கவ்வி மடங்கியிருக்கிறது,
எடை முழுக்க அங்கே இருக்கிறது.
சற்றுமுன் அதே விரலை
பியூன் காலில் பார்த்தேன், மூன்றாம் படியில்.

என் தொழிலில் முன்பக்கத்தை நம்பக் கூடாது.
ஆணி, கரையான், பழைய விலைச்சீட்டு
எல்லாம் பின்னால்தான்.
திருப்பினேன். என்ன கனம்.
கான்வாஸ் இல்லை, பலகை.
நான்கு மூலையிலும் கைப்பிடி இருந்த துளைகள்.
நீள ஓரம் இரண்டும் தோள் பட்டுத் தேய்ந்து,
வியர்வை குடித்துக் கறுத்து,
மண்வெட்டிக் காம்புபோல் வழுவழுத்தன.
நடுவே கத்தியால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாய், ஐந்தைந்தாய்.
இருநூற்றுப் பதினொன்றுவரை எண்ணிவிட்டு
நிறுத்திக்கொண்டேன்.

பழைய தூம்பாவின் அடிப்பலகை.
கான்வாஸும் தீர்ந்திருக்கும் அவருக்கு.
தீராமலும் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் திரும்பினார்கள், முழங்கால்வரை சேறு.
தூம்பாவைக் கழுவிச் சாத்திவிட்டு
எனக்கும் ஒரு வரக்காப்பி நீட்டினார்கள்.
பூண்டு மண்டியில் மூட்டை தூக்கினவராம்,
சொந்தமென்று சொல்ல ஆள் இல்லையாம்.

கணக்கெழுதிக் கொடுத்தேன்.
பதினொன்றுக்குத் தேக்குச் சட்டம்,
கண்ணாடி வேண்டாம், ஈரம் மூச்சு விடட்டும்.
பன்னிரண்டாவதுக்கு நேரே ஒரு கோடு.

"இதுக்கு மட்டும் ஏன் விலை போடல?"
"சட்டம் போட்டா ஓரம் மறைஞ்சிடும்."

சந்தியாகு ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.
தடவிக்கொண்டே நின்றார்.
பிறகு தொண்டையைச் செருமி
மொத்தத்தில் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார்.
ஐந்து குறைத்தேன்.

கடைசி பஸ்ஸில், டம் டம் பாறை தாண்டும்போது
வலது தோள் விண்விண்ணென்றது.
ஒற்றை ஆளாய்த் தூக்கியிருக்கக் கூடாது
அந்தப் பலகையை.